மொழிபெயர்த்துத் தந்த விருந்து

டவுன்ரவுனில் நான் வேலைக்குப் போகும் ஆஸ்பத்திரியில், இரத்தம் எடுக்கும் பகுதிக்குப் பக்கத்தில், மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. யன்னல் கிடையாது. ஒரு நீள மேசை, ஒரு மைக்ரோவேவ், கை கழுவும் முறையைச் சொல்லும் ஒரு படம். அடுத்த நோயாளிக்குக் கூப்பிடும்வரை அங்கேதான் இருப்போம். போர்த்துக்கீசம், கன்ரனீஸ், பாரசீகம், தமிழ் என்று ஆளுக்கொரு மொழி. நாள் முழுக்கப் பேசுவதே வேலையாக இருப்பவர்களுக்கு இடைவேளையில் வாயைத் திறக்க மனம் வராது. ஒவ்வொருவரும் தங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. நோயாளி "எனக்கு நோகுது" என்றால் நானும் ஆங்கிலத்தில் "எனக்கு நோகிறது" என்றுதான் சொல்லவேண்டும். "அவருக்கு நோகிறதாம்" என்று சொல்லக்கூடாது. டொக்டர் "நான் நாளைக்கு வெட்டப் போகிறேன்" என்றால் தமிழில் நானும் அப்படியே சொல்வேன். ஒரே நாளில் கர்ப்பிணியாகவும், சிறுநீரகம் பழுதான லொறிச் சாரதியாகவும், இருவருடைய டொக்டராகவும் இருந்திருக்கிறேன். மாலையில் ஸ்காபரோவில் நான் இருக்கும் மல்வேர்னுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி அமரும்போது, காலையிலிருந்து எவ்வளவோ தடவை "நான்" என்று சொல்லியும் அதில் ஒன்றுகூட என்னைப் பற்றியதில்லை என்று தோன்றும்.

வீட்டிலும் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. நான் திருமணம் செய்யவில்லை. செய்யக்கூடாது என்று இருந்ததில்லை. தள்ளித் தள்ளிப் போய், பிறகு கேட்பவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அம்மாவோடு அந்த அப்பாட்மென்டில் இருந்தேன். அம்மா போன பிறகு தனியே இருக்கிறேன். பரிஸ் நகரத்திலிருந்து தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். அக்கா, சாப்பிட்டியா, குளிரா, என்ன சமையல். பிறகு அவளுடைய பிள்ளைகள் கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்த அறைக்கு யப்பானிய மொழிக்கென்று ஒரு பெண் வருவார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூடியவர். வெள்ளைத் தலைமயிரைக் காதோடு சேர்த்து வெட்டியிருப்பார். அவருக்கு வேலை அடிக்கடி வராது. வந்தால் பெரும்பாலும் முதியவர்களுக்குத்தான். இந்த நாட்டில் ஆயுள் முழுக்க ஆங்கிலம் பேசி வாழ்ந்துவிட்டு, கடைசியில் மறதி நோய் வந்து அந்த ஆங்கிலம் முழுவதும் கழன்றுபோனவர்கள்.

நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார், என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுகிறார். தொழில் பழக்கமாக இருக்கலாம். அப்படியே எழுதுகிறேன்.

முதல் முறை பேசியது ஒரு மதியம். அவர் வார்டிலிருந்து வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து வைத்தவர் திறக்கவில்லை. கைகள் இரண்டையும் மூடியின்மேல் வைத்தபடி இருந்தார்.

"சுகமில்லையோ?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு ஒரு புருசனுக்கும் பெண்சாதிக்கும் நடுவிலை இருந்தனான்" என்றார்.

உள்ளே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. அதுவும் எங்கள் விதி. நோயாளி யாரென்றும் எந்த வார்டென்றும் அவர் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னார்: கணவர் யப்பானியர், மனைவி இங்கே பிறந்த வெள்ளைக்காரப் பெண். கணவருக்கு ஆங்கிலம் மறந்துபோய்விட்டது. அத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பேசிக்கொள்ள ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. டொக்டர் கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்ததும் மனைவி, "என்னோடு சந்தோசமாக இருந்தாயா என்று கேளுங்கள்" என்றாராம்.

"கேட்டனீங்களோ?"

"கேளாமல் விட ஏலுமோ? 'என்னோடை சந்தோசமா இருந்தனீயோ?' எண்டு நான்தான் கேட்டனான், என்ரை வாயாலை. அந்த மனுசன் என்னைப் பாத்துத்தான் பதில் சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அதைச் சொல்லமாட்டார் என்று விளங்கியது. நான் கொண்டுபோயிருந்த புட்டில் பாதியை அவருடைய பெட்டி மூடியில் வைத்தேன். சாப்பிட்டார். அதன் பிறகு அவர் வரும் நாட்களில் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டோம். பல வருடம் அப்படிப் போனது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருகாலத்தில் ஒரு கணவர் இருந்தார், பிரிந்துவிட்டார்கள். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

ஒரு வைகாசி மாதம் மைக்ரோவேவுக்கு முன்னால் நின்றபடி சொன்னார்:

"நான் ஊருக்குப் போறன். ஒரேயடியா."

யப்பானின் மேற்குக் கரையில் ஒரு பழைய நகரத்தில் அவருடைய அக்கா இருக்கிறார். கணவனை இழந்தவர். வீடு பெரிது, வந்து இரு என்று கூப்பிட்டிருக்கிறார்.

"நல்லது" என்றேன். வேறு என்ன சொல்வது?

"போறதுக்கு முன்னம் உமக்கு ஒரு சாப்பாடு தரவேணும். இந்த அறைச் சாப்பாடில்லை. ஆறுதலா இருந்து, ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வாற சாப்பாடு. நீர் மாட்டிறைச்சி தொடமாட்டீர் எண்டு எங்கட யப்பானியக் கடையிலை சொல்லிப்போட்டன்."

மறுக்க வழி வைக்காமல்தான் சொன்னார்.

போன நாள் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கும் வெயில் தெருவில் சரிந்து கிடந்தது. என்ன உடுப்பதென்று நெடுநேரம் யோசித்து, சேலையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஒரு பருத்திச் சல்வார் போட்டுக்கொண்டு போனேன். பெயர்ப் பலகை கண்ணில் படாத கடை. கதவைத் தள்ளினால் ஒரு நீண்ட மரப் பலகை, அதன் முன்னால் சில கதிரைகள், பலகைக்கு அப்பால் சமையல்காரர். அறுபது வயதிருக்கும். தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். பலகையைத் தொட்டேன். எண்ணெய், மெழுகு எதுவும் பூசாத மரம், தோல் மாதிரி மிருதுவாக இருந்தது.

சமையல்காரருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். முதல் பாத்திரத்தை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த என் யப்பானியச் சிநேகிதியிடம் யப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். சிநேகிதி என் பக்கம் திரும்பாமலே, முன்னால் பார்த்தபடி சொன்னார்:

"இந்த எள்ளைக் காலமையிலை இருந்து நான் அரைச்சனான்."

நீங்களா என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது. அவர் வேலை செய்துகொண்டிருந்தார். எனக்காக. அந்த "நான்" சமையல்காரர்.

சிரித்தேன். இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் மொழிபெயர்த்ததில்லை. நான் எப்போதும் மற்றப் பக்கத்தில் நின்றவள்.

எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டி உறைய வைத்த ஒரு சிறு வெள்ளைச் சதுரம் அது. மேலே பச்சையாக ஒரு துளி காரம். வாயில் வைத்ததும் கரைந்தது, நல்லெண்ணெய் வாசம் மட்டும் மூக்கில் நின்றது. அடுத்து ஒரு தட்டு நிறையச் சின்னக் கிண்ணங்களைக் கொண்டுவந்து நீட்டினார்கள். ஒன்றைப்போல் மற்றது இல்லை. களிமண், கண்ணாடி, விளிம்பு நெளிந்தது, நீலக் கோடு போட்டது.

"ஒண்டை எடும். இண்டைக்கு அதுதான் உம்மடை."

நீலக் கோடு போட்டதை எடுத்தேன். அரிசி மது. எங்கள் வீட்டில் குடி என்பது ஆண்களின் விசயம், அதுவும் திட்டு வாங்கித் தரும் விசயம். இருமலுக்கு ஒரு தேக்கரண்டி பிராண்டி குடித்ததோடு என் அனுபவம் முடிந்துவிடும். சிநேகிதி குடுவையைச் சரித்து என் கிண்ணத்தை நிரப்பினார். குடுவையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வெறும் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"உங்களுக்கு?"

"நீர்தான் வார்க்கவேணும். தனக்குத் தானே வார்க்கிறேல்லை. பக்கத்திலை இருக்கிறவை வார்க்கவேணும்."

வார்த்தேன். பலகையில் கொஞ்சம் சிந்தியது.

"ஆரும் பக்கத்திலை இல்லாட்டி?"

"அப்ப தானே வார்க்கிறதுதான். அதுக்கெண்டு எங்கட மொழியிலை ஒரு சொல்லும் கிடக்கு." ஒரு மிடறு குடித்தார். "வீட்டிலை நான் அப்பிடித்தான்."

குளிராக இருந்தது அந்த மது. முதலில் பழுத்த பேரிக்காயின் வாசம், விழுங்கிய பிறகு பழஞ்சோற்றுத் தண்ணீரின் மெல்லிய புளிப்பு. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் மெதுவாகச் சூடேறியது.

பிறகு மூடி போட்ட கறுப்புக் கிண்ணத்தில் சூப் வந்தது. மூடியைத் தூக்கினேன், வரவில்லை. ஆவியில் ஒட்டிப் பிடித்திருந்தது. இழுத்தால் எல்லாம் மடியில் கொட்டிவிடும் போலிருந்தது. அவர் தன் கையை நீட்டி என் கிண்ணத்தின் இரண்டு பக்கத்தையும் மெல்ல அமுக்கினார். காற்று உள்ளே போய் மூடி தானாக விட்டது. அவருடைய விரல்கள் என் விரல்மேல் ஒரு கணம் பட்டன. ஒரு மனிதக் கை என்னைத் தொட்டு எவ்வளவு காலம் என்று அப்போது நினைத்தேன். ஆஸ்பத்திரியில் முதியவர்கள் சிலசமயம் என் கையைப் பிடிப்பார்கள். அது பயத்தில் பிடிப்பது, என்னைப் பிடிப்பதல்ல.

சூப்பின் பாதியில் குசினிப் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். வெள்ளை மேலங்கி. கழுவிய பாத்திரங்களை அடுக்கியபடி என்னைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"அக்கா தமிழோ?"

என் கை தானாகக் கிண்ணத்தை மூடிக்கொண்டது. ஸ்காபரோவில் நான் என்ன செய்தாலும் தங்கைக்குப் பரிஸ் நகரத்தில் தெரிந்துவிடும்.

"ஓம்."

அவர் என் கையையும் அதற்குக் கீழே இருந்ததையும் கண்டுவிட்டார்.

"குடியுங்கோ அக்கா, வெக்கப்படாதேங்கோ. உது அரிசிதானே. நாங்கள் சோறாத் தின்னுறம், இவை தண்ணியாக் குடிக்கினம்."

என் சிநேகிதி என்னைத் தோளால் இடித்தார். "என்ன சொல்லுறார்?"

நான் சொன்னேன், விதிப்படியே. அவர் சிரித்துவிட்டு அதைச் சமையல்காரருக்கு யப்பானிய மொழியில் சொன்னார். கத்தியோடு நின்ற சமையல்காரர் குலுங்கிச் சிரித்தார். எங்களுக்கு அப்பால் இருந்த ஒரு யப்பானியத் தம்பதியும் சிரித்தார்கள். தமிழ்க்காரர் ஒன்றும் விளங்காமல் எல்லாரையும் பார்த்தார், பிறகு தன் பகிடிதான் சுற்றிப் போயிருக்கிறது என்று தெரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"நீங்கள் இன்ரபிரிற்றரோ, அக்கா? மொழிபெயர்க்கிற ஆளோ?"

"ஓம். இவவும்தான்."

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு சமையல்காரரைக் காட்டினார்.

"அப்ப இவருக்கு ஒண்டு சொல்லுவியளோ? நான் இஞ்சை வந்து கனகாலம். நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறது கத்தி, சட்டி, சூடு, கெதியா... உவ்வளவுதான். என்ரை அப்பா ஊரிலை செத்த நேரம் என்னாலை போக ஏலேல்லை. அண்டைக்கும் வேலைக்கு வந்தனான். இவர் ஒண்டும் கேக்கேல்லை. கடை பூட்டின பிறகு எனக்கெண்டு ஒரு சூப் வைச்சுத் தந்து, நான் குடிச்சு முடியிறவரைக்கும் பக்கத்திலை நிண்டவர். அதுக்கு நன்றி சொல்லவேணும் எண்டு நெடுகலும் நினைக்கிறனான். தேங்க்யூ எண்டு சொன்னால் பத்தாது போல கிடந்தது."

நான் ஆங்கிலத்தில் "என் அப்பா இறந்தபோது" என்று தொடங்கினேன். என் சிநேகிதி அதை வாங்கி "என் அப்பா" என்று யப்பானிய மொழியில் தொடங்கியிருப்பார். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு மாறி அந்தச் சூப் கதை பலகையைத் தாண்டிப் போனது. சமையல்காரர் கத்தியைத் துணியில் வைத்தார். கேட்டு முடித்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். அது அதே வழியால் திரும்பி வந்து என்னிடம் தமிழாக முடிந்தது:

"அண்டைக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்கும் தெரியேல்லை. அதாலைதான் சூப் வைச்சனான்."

தமிழ்க்காரர் "சரி, சரி" என்று தலையாட்டினார். திரையை விலக்கி உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்துக்கு உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்தவற்றின் வரிசை எனக்குச் சரியாக நினைவில்லை. பனித்துகள்மேல் அடுக்கிய பச்சை மீன் ஒன்று வந்தது. உப்பில் சுட்ட ஒரு சின்ன ஆற்று மீன், நீந்துவது போலவே உடலை வளைத்துக் கம்பியில் குத்திச் சுட்டிருந்தார்கள். "தலையிலை இருந்து வால் வரைக்கும் முழுசாச் சாப்பிடுங்கோ, வயித்துக்குள்ளை கைக்கிற பகுதியை எறியாதேங்கோ" என்று சமையல்காரர் என் சிநேகிதியின் குரலில் சொன்னார். கைத்தது. மதுவோடு அந்தக் கைப்பு நன்றாக இருந்தது. நான் அவருக்கும் அவர் எனக்கும் மாறி மாறி வார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரின் கிண்ணம் காலியாகிறதா என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதுதான் அந்த முறையின் நோக்கமாயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பூசணியும் கத்தரிக்காயும் அவித்த ஒரு கிண்ணத்தை வைத்தபோது சமையல்காரர் என்னைக் காட்டிச் சிநேகிதியிடம் ஏதோ கேட்டார். அவர் கொஞ்சம் நீளமாகப் பதில் சொன்னார். சமையல்காரர் என் பக்கம் திரும்பி, ஆழமாகத் தலை குனிந்தார்.

"என்ன கேட்டவர்?" என்றேன்.

"இவ உங்களுக்கு ஆர் எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவர் கிண்ணத்தைக் கையில் சுற்றியபடி, மற்றவர்களுடைய பேச்சைச் சொல்லும் அதே சமமான குரலில் சொன்னார்:

"நாற்பது வருசத்துக்கு மேலை இந்த ஊரிலை இருந்திட்டன். போயிட்டு வாறன் எண்டு சொல்ல எனக்கு இருக்கிற ஒரே ஆள் இவதான். அப்பிடிச் சொன்னனான்."

ஆங்கிலத்தில் அவர் சொன்ன சொல்லில் திரும்பி வருவது இல்லை. தமிழில் எழுதும்போது அது தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

எனக்குப் பெருமையாக இருந்திருக்கவேண்டும். ஆனால் வந்தது பயம். இவ்வளவு பெரிய நகரத்தில், இவ்வளவு நல்ல ஒரு மனுசிக்கு, மதியச் சாப்பாட்டு மேசையில் கிடைத்த நான் ஒருத்திதானா? அப்படியென்றால் எனக்கு? நாளைக்கு நான் எங்காவது போவதென்றால் சொல்லிவிட்டுப் போக இருந்த ஒரே ஆள், அடுத்த கிழமை விமானம் ஏறப் போகிறார். குடுவையில் மிச்சமிருந்ததை அவருடைய கிண்ணத்தில் வார்த்தேன்.

கடைசியில் சோறு. மண்சட்டியை எங்கள் முன்னால் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினார். சோறும் ஊறுகாயும் ஒரு சூப்பும், அவ்வளவுதான். இத்தனை அலங்காரமும் போய் வெறும் சோற்றில் வந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது. முடிக்க இயலவில்லை. மிஞ்சிய சோற்றைச் சமையல்காரர் உப்புத் தடவிய கையால் உருண்டையாகப் பிடித்து, தாளில் சுற்றி, என் கையில் தந்தார்.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சப்வே ரயில் வாசல்வரை நடந்தோம். அவருடைய வீடு பக்கத்தில்தான். நான் கிழக்கே போகவேண்டும். கட்டிப்பிடிப்பதா, குனிவதா, கைகூப்புவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர் என் சல்வார் துப்பட்டாவை இழுத்துச் சரிப்படுத்திவிட்டார்.

"கவனமாப் போம்."

"நீங்களும்."

படி இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கேயே நின்றார். மறுபடி நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சோற்றுருண்டையை அடுத்த நாள் காலையில் குசினியில் நின்றபடி சாப்பிட்டேன். இரவு குளிர்ப்பெட்டியில் இருந்து இறுகிப் போயிருந்தது. மைக்ரோவேவில் வைக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு பருக்கையும் தெரியக் கடித்துச் சாப்பிட்டேன்.

அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து சில கிழமைகளில் முதல் வீடியோ அழைப்பு வந்தது. இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் அங்கே அவருக்குக் காலைச் சாப்பாடு. தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு நான் இடியப்பம் சாப்பிடுவேன், அவர் சோறும் மீனும் சாப்பிடுவார். சனிக்கிழமைகளில் என்று வழக்கமாயிற்று.

"எப்பிடி ஊர்?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஊர் நல்லாக் கிடக்கு. நான்தான் பழசு. கடையிலை நான் கதைச்சால் பெட்டையள் சிரிக்குதுகள். என்ரை யப்பானிய மொழி நான் வெளிக்கிட்ட வருசத்திலையே நிண்டிட்டுது. அக்காவும் எனக்கு ஒண்டும் விளங்காது எண்டு சத்தமாக் கதைக்கிறா." சிரித்தார். "எனக்கு இஞ்சை ஒரு இன்ரபிரிற்றர் வேணும்."

நான் சிரிக்கவில்லை. போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்காக நான் நம்பியிருந்தேன். யாராவது ஒருவர் போய் அப்படியொரு இடம் இருக்கிறது என்று சொன்னால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அவருடைய அக்காவுக்குச் சுகமில்லை. அக்காவைப் பார்த்துக்கொள்வதிலேயே காலை போய்விடுகிறது. அதனால் எல்லாச் சனிக்கிழமையும் அழைப்பு வருவதில்லை. வரும் நாட்களில் என்ன சாப்பாடு என்று முதலில் தட்டைத்தான் காட்டுவார். வராத நாட்களில் தொலைபேசியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தமிழ் வானொலியைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். மரண அறிவித்தல்கள் வாசிப்பார்கள். பெயர் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே தட்டைக் கழுவி வைப்பேன்.